ஈசாக்கு இறங்கி வந்தானா

பாரிஸில் உள்ள ஒரு யூதரை வாதத்தில் வீழ்த்துவதற்காகவே என்னை விமானம் ஏற்றி வரவழைக்கிறார்கள் என்று நான் நம்பினேன். சிரிக்காதீர்கள். நம்புவதற்கு ஆதாரம் இருந்தது. தொலைபேசியில் ஞானப்பிரகாசம் அண்ணன் சொன்னது இதுதான்: "மாஸ்ரர், எங்கடை வீட்டுக்குக் கீழை ஒரு யூதக் கிழவர் இருக்கிறார். தவக்காலத் தியானத்துக்கு வாறநேரம் நீங்கள் அவருக்கு ஒரு மறுமொழி சொல்லவேணும்."

என்னை அறியாதவர்களுக்கு: நான் திருச்சியில் பள்ளிக்கூடத் தமிழாசிரியன். குருமடத்தில் சில வருடங்கள் இருந்துவிட்டு, பூசையில் சிரிப்பை அடக்க முடியாத காரணத்தால் வெளியே வந்தவன். வார இறுதிகளில் பங்குபங்காகப் போய்த் தியான உரை ஆற்றுவேன். அதில் எனக்குப் பேர் வாங்கித் தந்த உருப்படி ஒன்று உண்டு. யூதர் கேள்வி கேட்பார், நான் பதில் சொல்வேன். இரண்டு பேரும் நான்தான். யூதருக்கு மூக்கடைத்த கீச்சுக் குரல், எனக்கு வெண்கலக் குரல். முடிவில் யூதர் வாயடைத்து நிற்பார், சனம் கைதட்டும். பல வருடங்களாக நான் தோற்றதே இல்லை. ஒரு யூதரைக்கூட நேரில் பார்த்ததும் இல்லை.

இது என் கண்டுபிடிப்பும் அல்ல. ஆதித் திருச்சபையின் தந்தையர் இதையேதான் செய்தார்கள். அவர்களுக்கும் யூதருக்கும் பழைய ஏற்பாடு என்ற புத்தகம் ஒன்றே. ஒரே நாற்காலியில் ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருக்கிறார். அவரை எழுப்பினால்தான் தங்களுக்கு இடம் கிடைக்கும் என்று எங்கள் ஆட்கள் நினைத்தார்கள். ஆகவே உரையாடல் வடிவில் எழுதினார்கள். அதில் யூதர் வருவார், கேட்பார், திணறுவார். அவர் பேச வேண்டியதையும் எங்கள் ஆட்களே எழுதிக் கொடுத்தார்கள். நான் செய்தது கூடுதலாக ஒரு கீச்சுக் குரல் கொடுத்ததுதான்.

வந்து இறங்கிய அன்றே வெடிகுண்டு வைத்தேன்.

கார் து நோர் ரயில் நிலையத்தில் ஞானப்பிரகாசம் அண்ணன் காத்திருந்தார். அறுபதைத் தாண்டியவர், மன்னார்க்காரர், உணவகமொன்றின் சமையலறையில் வேலை. குளிர் என் காதைப் பிடித்துத் திருகியது. கையிலிருந்த துணிப்பையை ஒரு தூணடியில் வைத்துவிட்டுக் குரங்குக் குல்லாவை மாட்டினேன். மாட்டிய மகிழ்ச்சியில் மற்றப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். தெருமுனையில் தேநீர் வாங்கித் தந்தார். பாதி குடிப்பதற்குள் நிலையத்திலிருந்து சனத்தை வெளியே தள்ளிக்கொண்டு வந்தார்கள். நாடா கட்டினார்கள். ஒரு நாய் உள்ளே போனது.

"ஆரோ ஒரு பையை விட்டிட்டுப் போட்டினமாம்," என்றார் அண்ணன். "அடிக்கடி நடக்கிறதுதான். உங்கடை பையள் எல்லாம் சரிதானே?"

"எல்லாம் சரியா இருக்குண்ணே."

"துணிப்பை ஒண்டு வைச்சிருந்த மாதிரி?"

"இல்லையே."

"நீலக் கலர்?"

"எனக்கு நீலமே பிடிக்காதுண்ணே."

பேதுருவைப்போல் மூன்று முறை மறுதலித்தேன். பக்கத்தில் சேவல் எதுவும் இல்லை என்பதால் தப்பித்தோம் என்று நினைத்தேன். அப்போது உள்ளே போலீசார் அந்தப் பையை வெடிக்கவைத்த 'டொம்' என்ற சத்தம். மணப்பாறை முறுக்கு இரண்டு கிலோவும், யூதரை வீழ்த்துவதற்கான குறிப்புகள் மொத்தமும் விண்ணேகின. பிரெஞ்சுச் சிறையில் புளிக்குழம்பு கிடைக்குமா என்று யோசித்தபடி மீதித் தேநீரைக் குடித்து முடித்தேன்.

வீடு ரூ பஜோல் என்ற வீதியிலிருந்து பிரியும் ஒரு சிறு தெருவில், பழைய கட்டடத்தின் நான்காம் மாடியில். மின்தூக்கி இல்லை. மேலே போய்ச் சேர்ந்ததும் ஜெயராணி அக்கா கதவைத் திறந்தார். அண்ணனின் மனைவி. சொதியும் இடியப்பமும் கணவாய்க் கறியும் மேசையில் இருந்தன. உட்கார்ந்ததும் கேட்டார்: "முறுக்கு கொண்டாறன் எண்டு சொன்னீங்கள், தம்பி?"

நான் உண்மையைச் சொன்னேன், நடித்துக்காட்டியே சொன்னேன். நாயைப்போல் மோப்பம் பிடித்தேன், முறுக்கைப்போல் சிதறினேன். அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அக்கா சிரிக்கவில்லை. "நான் அந்த நேரம் கடைக்குப் போட்டு ஸ்ரேசனடியாலைதான் வந்தனான்," என்றார். "சத்தம் கேட்டோடனை ரோட்டிலை குந்தியிட்டன். ஒரு வெள்ளைக்காரப் பொம்பிளைதான் தூக்கிவிட்டவ." பிறகு என் தட்டில் இன்னும் இரண்டு இடியப்பம் வைத்தார்.

சுவரில் திரு இருதய ஆண்டவர் படத்துக்குப் பக்கத்தில் ஒரு பையனின் படம். மெல்லிய மீசை. மாலை போடவில்லை, விளக்கும் வைக்கவில்லை. எங்கள் ஊரில் சுவரில் தனியாகத் தொங்கும் படம் என்றாலே ஒரு மாலை இருக்கும். இல்லாதது என் கண்ணில் பட்டது. "மகன், நிரோஷன்," என்றார் அக்கா. நான் அடுத்த கேள்வி கேட்பதற்குள் அண்ணன் தண்ணீர்ச் செம்பை நீட்டினார். வாங்கிக் குடித்தேன்.

மறுநாள் காலை, தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல் முழுவதும் அண்ணனோடு நடந்தேன். முருங்கைக்காய் திருச்சியில் கிடைப்பதைவிடப் பசுமையாக இருந்தது. நகைக்கடை, புடவைக்கடை, முடிவெட்டும் கடை. மீன் ரொட்டி தின்றேன். கடைக்காரர் என் பேச்சைக் கேட்டதும், "இந்தியாவோ அண்ணை? படத்திலை கதைக்கிற மாதிரியே கதைக்கிறீங்கள்," என்றார். பிள்ளையார் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் குளிரில் ஒரு கிழவர் காலுறையோடு நின்றார். தேர் வரும் நாளில் கத்தோலிக்கர்களும் தண்ணீர்ப் பந்தல் போடுவோம் என்றார் அண்ணன்.

வேறு ஒரு தெருவில் ஒரு கட்டட வாசலில் துப்பாக்கியோடு சிப்பாய்கள் நின்றார்கள். விரல் விசைக்கு அருகில். முறுக்குக்காகத்தான் வந்துவிட்டார்கள் என்று அண்ணனின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன். "அது யூதரின்ரை கோயில்," என்றார் அண்ணன். "எப்பவும் காவல் நிப்பினம். ஆராவது வந்து சுட்டுப்போடுவினம் எண்ட பயம்." கும்பிடுவதற்குக் காவல் வேண்டியிருக்கும் மனிதர்களை நான் இத்தனை வருடம் கீச்சுக் குரலில் பேசவைத்திருக்கிறேன் என்பது அப்போது எனக்கு உறைத்ததா என்றால், இல்லை. உடம்பில் துப்பாக்கிப் பயம்தான் இருந்தது.

"ஜெயராணி இந்தத் தெருவாலை வரமாட்டா," என்று மட்டும் அண்ணன் சொன்னார். "சீருடை கண்டால் சுத்திப் போவா."

அன்று மாலை முதல் உரை. பங்குக் கோயிலுக்குப் பின்னாலிருந்த மண்டபம். சார்செல், ஆர்ஜொந்தெய் என்ற புறநகர்களிலிருந்து ரயில் பிடித்து வந்திருந்தார்கள். வேலை முடிந்து நேரே வந்தவர்களின் முகங்களில் களைப்பு அப்பியிருந்தது. குறிப்பு இல்லாவிட்டால் என்ன, உருப்படி மனப்பாடம். கீச்சுக் குரலை எடுத்தேன். களைத்த சனம் சிரித்தது. யூதர் திணறினார். கைதட்டல்.

படியிறங்கும்போது அக்கா பக்கத்தில் வந்தார். "தம்பி, நான் ஒரு யூதர் வீட்டிலைதான் மெனாஜ் செய்யிறன், கூட்டித் துடைக்கிற வேலை. கீழ்வீட்டு முசியே மொரிஸ். அவர் அப்பிடிக் கதைக்கிறேல்லை."

"எப்படிப் பேசுவார் அக்கா?"

"மெதுவா."

அக்கா முன்னால் போய்விட்டார். அண்ணன் என்னைத் தேநீர்க் கடைக்குள் இழுத்தார். அங்கேதான் என் பட்டாபிஷேகக் கனவு கலைந்தது.

"மாஸ்ரர், உங்களை வரச்சொன்ன விசயம் இதுதான்," என்றார். கோப்பையைச் சுற்றிக்கொண்டே சொன்னார். யுத்தத்தின் கடைசி நாட்களில் ஒரு பாலத்தடியில் சனத்தோடு சனமாக நின்றார்கள். கொஞ்ச நாளேனும் இயக்கத்தில் இருந்தவர்கள் வந்து பெயரைப் பதிந்துவிட்டுப் போகலாம், விட்டுவிடுவோம் என்று இராணுவம் ஒலிபெருக்கியில் சொன்னது. நிரோஷனை முன்பு இயக்கம் பிடித்துக்கொண்டு போய்ச் சில மாதங்கள் வைத்திருந்தது. அவ்வளவுதான் அவன் இருந்த இயக்கம். மறைத்தால் பிறகு பிரச்சினை வரும் என்று அண்ணன் நினைத்தார். "நான்தான் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போய் விட்டனான். போய்ப் பதிஞ்சுபோட்டு வா மோனை எண்டு சொன்னனான். பஸ்ஸிலை ஏத்தினவங்கள். யன்னலாலை பாத்தவன்."

அதற்குப் பிறகு எந்தச் செய்தியும் இல்லை. எத்தனையோ அலுவலகம், எத்தனையோ முகாம் ஏறி இறங்கினார்கள். பிறகு அக்காவின் தம்பி மூலம் இங்கே வந்தார்கள்.

"அவன் இல்லை, மாஸ்ரர். எனக்குத் தெரியும். ஒரு பூசை வேணும் அவனுக்கு. தியானத்தின்ரை கடைசிநாள் பூசையிலை, மரிச்ச ஆக்களின்ரை பேரை அந்தந்தக் குடும்பமே எழும்பிச் சொல்லுறது எங்கடை வழக்கம். ஒவ்வொரு வருசமும் நான் சொல்ல வெளிக்கிட, அவ கையைப் பிடிச்சு இழுத்து இருத்திப்போடுவா. சொன்னால் நீங்கள்தான் அவனைச் சாக்காட்டினதாப் போகும் எண்டுவா."

"இதுல அந்த யூதர் எங்கண்ணே வந்தாரு?"

"அந்தக் கிழவன்தான் கெடுத்தது! ஈசாக்கின்ரை கதையைச் சொல்லிக் குடுத்திருக்கிறான். தேப்பன் ஆபிரகாம் பலி குடுக்கக் கூட்டிக்கொண்டு போனவன், ஆனால் பொடியன் சாகேல்லை, பேந்து ஒரு பின்னேரம் வயலுக்கை நிண்டவன் எண்டு. வேதத்திலையே இருக்குதாம். அண்டையிலிருந்து அவவுக்கு அதுதான் வேதம். என்ரை பிள்ளையும் எங்கையோ ஒரு வயலுக்கை நிக்கிறான் எண்டுறா." கோப்பையைக் கீழே வைத்தார். "நீங்கள் உங்கடை உரை வீடியோவிலை சொன்னீங்களே, ஈசாக்கு எண்டால் இயேசுவின்ரை நிழல், பலியாப் போன பிள்ளை எண்டு. அதை அவனுக்கும் அவவுக்கும் வடிவா விளங்கப்படுத்துங்கோ. உங்களுக்குத்தான் அந்த வாய் இருக்கு."

இவ்வளவு நாளும் என் வாய்க்குக் கிடைத்த பாராட்டுகளில் அதுதான் பெரிது. தப்பிப்பதற்கு நான் போட்ட திட்டங்களை வரிசையாகச் சொல்கிறேன்: காய்ச்சல், தொண்டைக்கட்டு, தாயாருக்குச் சுகமில்லை. தாயார் காலமாகி வெகுநாளாகிவிட்டது என்று அண்ணனிடம் முதல் நாளே உளறியிருந்தேன்.

ஆகவே அடுத்த நாள் பின்னேரம் முசியே மொரிஸின் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அண்ணன் வேலைக்குப் போயிருந்தார். மொழிபெயர்ப்பது அக்கா. வாதத்தில் தோற்கடிக்கப்பட வேண்டிய இருவரில் ஒருவரே என் வாதத்துக்குத் துபாஷி. இந்த ஏற்பாட்டின் அழகை அந்தப் பழைய தந்தையரும் எண்ணிப் பார்த்திருக்கமாட்டார்கள்.

கிழவர் மெலிந்தவர், கம்பளிச் சட்டைக்கு மேல் கம்பளிச் சட்டை. எழுந்து கைகொடுக்க முயன்று முடியாமல், காலைக் காட்டி ஏதோ சொன்னார். "முழங்கால் எண்டு ஒண்டு இருக்கிறதை மறக்கவிடாதாம்," என்றார் அக்கா. அடுப்படியில் இரண்டு அடுக்கு. பாலுக்கு ஒரு சட்டி, இறைச்சிக்கு ஒரு சட்டி, அவர்கள் முறையில் இரண்டும் கலக்கக்கூடாது. அக்கா யோசிக்காமல் சரியான அடுக்கிலிருந்து கெண்டியை எடுத்துத் தண்ணீர் வைத்தார்.

நான் ஆரம்பித்தேன். ஈசாக்கு விறகைச் சுமந்து மலை ஏறினான். இயேசு சிலுவையைச் சுமந்து மலை ஏறினார். மூன்றாம் நாள் ஆபிரகாம் அந்த மலையைக் கண்டார். மூன்றாம் நாள் ஆண்டவர் உயிர்த்தார். மகனுக்குப் பதிலாகப் பலியான, முட்புதரில் கொம்பு சிக்கிய ஆட்டுக்கடா, முள்முடி. தந்தை தன் ஒரே மகனைக் கொடுத்தார். அங்கே நிழல், இங்கே நிஜம்.

அக்கா ஒவ்வொன்றாகச் சொன்னார். கிழவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பிறகு கேள்வி கேட்டார், என் உருப்படியில் இல்லாத கேள்வி.

"உங்கடை உந்த விவாதங்களிலை யூதர் ஒருத்தர் வருவாராமே. அவர் கதைக்கிறதை ஆர் எழுதுறது எண்டு கேக்கிறார்."

"நாங்கதான்."

கிழவர் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி, அக்கா முதுகைத் தடவிவிட வேண்டியதாயிற்று. "அந்த யூதருக்குப் பெஞ்சாதி இருக்கோவாம்? கால் நோகுமோவாம்? ஒரு பகிடியாவது விடுவாரோவாம்?"

இல்லை என்று ஒப்புக்கொண்டேன். அவர் சிரிப்பதை நிறுத்தி மெதுவாகப் பேசினார். அக்காவும் மெதுவாகவே தமிழில் சொன்னார். இதே நகரத்தில், பல நூற்றாண்டுகளுக்கு முன்னால், அப்படி ஒரு வாதத்துக்குப் பிறகு அவர்களுடைய புத்தகங்களை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து எரித்தார்களாம். "தாளிலை தோத்தவனைத் தெருவிலை தேடி வந்தவை எண்டுறார்."

உருப்படியின் அடுத்த வரியை நான் எடுக்கவில்லை. குறிப்பு எரிந்துபோனதால் அல்ல.

அவர் தன் வாசிப்பைச் சொன்னார். தங்கள் புத்தாண்டில் அந்தப் பகுதியை வாசிப்பார்களாம். நிழல் எதுவும் தேடுவதில்லையாம். எழுத்தில் இருப்பதையும் இல்லாததையும் பார்ப்பார்களாம். "ரெண்டு பேர் சேந்து ஏறினவை எண்டு இருக்கு. இறங்கேக்கை ஆபிரகாம் தன்ரை வேலைக்காரரிட்டைத் திரும்பினார் எண்டு மட்டும் இருக்கு. ஈசாக்கின்ரை பேர் இல்லை. எங்கை பொடியன் எண்டு எங்கடை ஆக்கள் ரெண்டாயிரம் வருசமாக் கேக்கினமாம். படிக்கப் போட்டான் எண்டு கொஞ்சப்பேர். உண்மையிலையே எரிஞ்சு சாம்பலாப் போய்ப் பேந்து எழும்பினவன் எண்டு கொஞ்சப்பேர்." இதைச் சொல்லும்போது அக்காவின் குரல் தடுக்கியது. 'எரிந்து' என்பது அவருக்கும் புதிது என்று தெரிந்தது. "அதுக்கு அடுத்ததா வேதத்திலை வாறது தாயின்ரை சாவு. கதையைக் கேட்டுத்தான் செத்தவ எண்டும் சொல்லுவினமாம்."

அண்ணனுக்கு நான் கொடுத்த வாக்கு ஞாபகம் வந்தது. கோழையாக, சுற்றி வளைத்துக் கேட்டேன்: "அக்கா, இவர்கிட்ட ஒண்ணு கேளுங்க. போன ஒருத்தர் திரும்பி வரல. செத்த நாளும் தெரியாது. அப்போ இவங்க வழக்கத்துல என்ன செய்வாங்க?"

அக்கா என்னைப் பார்த்தார். என் கேள்வி எங்கே போகிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் கேட்டார், ஒரு சொல்லையும் விழுங்கவில்லை என்றே நினைக்கிறேன், ஏனென்றால் கிழவரின் முகம் மாறிற்று.

அவர் நீண்ட நேரம் பேசினார். ஒருமுறை ஜன்னலைக் காட்டினார். ஒருமுறை கதவைக் காட்டினார். அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார், மொழிபெயர்க்கவில்லை.

"என்ன சொன்னாருக்கா?"

"ஒண்டுமில்லை."

கிழவருக்கு அது புரிந்தது. என்னைக் கைகாட்டி, அக்காவிடம் இரண்டு சொல் சொன்னார். சொல்லிவிடு என்றுதான் இருக்கவேண்டும்.

"இவரின்ரை தேப்பன், ஜெர்மன்காரர் இஞ்சை இருந்த காலத்திலை, இந்தத் தெருவிலையிருந்துதான் பொலிஸிட்டைப் போனவராம்," என்றார் அக்கா, கெண்டியைப் பார்த்துக்கொண்டு. "இவர் சின்னப் பிள்ளையாம். பேர் பதியிறதுக்கு எண்டு கூப்பிட்டவையாம். தேப்பன் தானாத்தான் நடந்து போனவராம். பேந்து ரயிலிலை ஏத்தினதாம். தாய் கடைசிவரைக்கும் கதவுப் பூட்டை மாத்த விடேல்லையாம், அவரிட்டை அந்தப் பூட்டின்ரை திறப்பு இருக்கெண்டு. செபம் சொல்ல ஒரு நாள் வேணும், செத்த நாள். தாய் மாட்டன் எண்டிட்டாவாம். தாய் செத்தாப்பிறகு இவர் தானே ஒரு நாளைத் தெரிஞ்செடுத்தவராம். அது சரியான நாளில்லை எண்டு தெரியுமாம். ஆனால் ஒரு நாளாம்."

பிறகு அக்கா, என்னை மறந்துவிட்டு, பிரெஞ்சில் அவரிடம் ஏதோ கேட்டார். சிறிய கேள்வி. கிழவர் சிறியதாகவே பதில் சொன்னார். அக்கா எழுந்து, பால் விடாத தேநீரை ஊற்றி எங்கள் இருவருக்கும் வைத்தார். அவர் கேட்டது என்ன என்பதை மாடிப்படியில் ஏறும்போதுதான் சொன்னார்.

"ஒரு நாளைத் தெரிஞ்செடுத்து, நீங்கள் செபம் சொல்லிக்கொண்டிருக்கேக்கை தேப்பன் வந்து கதவைத் தட்டியிருந்தால் என்ன செய்திருப்பீங்கள் எண்டு கேட்டனான்."

"என்ன சொன்னார்?"

"பாதியிலை நிப்பாட்டிப்போட்டு ஓடிப்போய்த் திறப்பன் எண்டார்."

அன்று மாலை ஈசாக்கைப் பற்றிப் பேசவேண்டிய உரை. மண்டபம் நிறைந்திருந்தது, கீச்சுக் குரலைப் பற்றிக் கேள்விப்பட்டுப் புதியவர்களும் வந்திருந்தார்கள். முன்வரிசையில் அண்ணன், பக்கத்தில் அக்கா. நான் ஒலிபெருக்கியைப் பிடித்தேன். விறகு, மலை, முட்புதர் என்று எங்கள் வாசிப்பைச் சொன்னேன். அது பொய் என்று நான் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. பிறகு, இதே கதையை நமக்கு முன்னால் வாசித்தவர்கள் வேறு ஒன்றைக் கேட்டார்கள் என்று சொல்லி, அந்தக் கேள்வியையும் சொன்னேன். ஏறியவர் இருவர், இறங்கியதாக எழுதியிருப்பது ஒருவர். என் சொந்தக் குரலிலேயே சொன்னேன். நான் எதிர்பார்த்தது, யாராவது இருமுவார்கள் என்று. யாரும் இருமவில்லை. அந்த மண்டபத்தில் எத்தனை வீட்டில் மாலை போடாத படம் தொங்குகிறது என்று எனக்குத் தெரியாது. "செபிப்போம்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். என் வாழ்நாளிலேயே குட்டையான பிரசங்கம்.

"கவிட்டுப்போட்டீங்கள், மாஸ்ரர்," என்றார் அண்ணன் வெளியே வந்ததும். "செத்தவன் எண்டு சொல்லச் சொன்னால் கேள்வி கேட்டிட்டு வாறீங்கள்." வீடுவரை எனக்குப் பத்தடி முன்னாலேயே நடந்தார். சாப்பாட்டு மேசையில், அண்ணன் கையிலிருக்கும் மீன் வெட்டும் கத்தி மீனுக்கானதுதானா என்று நான் இருமுறை சரிபார்த்தேன்.

மறுநாள் ஞாயிறு, கடைசிப் பூசை. கோயிலுக்குக் கிளம்பும்போது அக்கா காலணியின் நாடாவைக் கட்டியபடி, நிமிராமல் சொன்னார்: "இஞ்சேருங்கோ. இண்டைக்கு நீங்கள் பேரைச் சொல்லுங்கோ. நான் மறிக்கேல்லை."

அண்ணன் கோட்டுப் பொத்தானில் கைவைத்தபடி நின்றார். "உண்மையாவோ?"

"ஓம். சொல்லுங்கோ. அவன் வந்து தட்டினால் நான் திறப்பன்."

அண்ணன் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் போயிருந்தது. நான் ஏதோ செய்து சாதித்துவிட்டேன் என்று நினைத்தார். வழியெல்லாம் என் தோளில் கைபோட்டுக்கொண்டு வந்தார். எனக்கும் லேசாகத் தலை கனத்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பூசையில் மன்றாட்டு நேரம் வந்தது. இறந்தவர்களின் பெயர்களைச் சொல்லுங்கள் என்றார் சாமியார். பின்வரிசையிலிருந்து தொடங்கிற்று. ஒருவர் எழுந்து தன் தாயின் பெயரைச் சொன்னார். சனம் "ஆண்டவரே, இரக்கமாயிரும்" என்றது. ஒரு பெண் தன் கணவரின் பெயர். ஒருவர் மூன்று பெயர்களைச் சேர்த்துச் சொன்னார், ஒரே வீட்டுப் பெயர்கள். அலை எங்கள் வரிசைக்கு வந்தது.

அண்ணன் எழுந்தார். முன்னிருந்த பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டார். அக்கா கைகளை மடியில் வைத்துக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தார். அவர் கையை யாரும் பிடிக்கவில்லை. யாரும் இழுக்கவில்லை.

அவருடைய வாய் திறந்தது. தாடை அசைந்தது. சாமியார் காத்திருந்தார், நல்ல மனிதர், நெடுநேரம் காத்திருந்தார். யாரோ பின்னாலிருந்து விசும்பினார்கள். அண்ணன் அப்படியே உட்கார்ந்தார். அடுத்த வரிசையில் ஒருவர் எழுந்து தன் அண்ணனின் பெயரைச் சொன்னார். "ஆண்டவரே, இரக்கமாயிரும்" என்றது சனம்.

வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. மேம்பாலத்தில் மெத்ரோ போய்க்கொண்டிருந்தது. அதன் கீழே மூவரும் நடந்தோம்.

"ஏனப்பா?" என்றார் அக்கா.

"அவனைக் குடுத்தது நான்," என்றார் அண்ணன். "பேரைச் சொல்லுறதும் நானோ?"

சந்தியில் சிவப்பு விளக்கு விழுந்தது. அக்கா அண்ணனின் கோட்டுக் கையைப் பிடித்து நிறுத்தினார். பச்சை விழுந்ததும் இருவரும் கடந்தார்கள், நான் பின்னால் போனேன்.

நிரோஷனின் பெயர் அந்தப் பூசையில் சொல்லப்படவில்லை. அடுத்த நாள் நான் திருச்சிக்குத் திரும்பினேன்.